புயல் நிவாரணத்துல ஆரம்பிச்ச ஒரு இளைஞர் மன்றம்: கணக்கு, பதவி, பொதுக்குழு பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

இது தஞ்சாவூர் மாவட்டத்துல கடலோரப் பக்கம் இருக்குற ஒரு ஊராட்சியில நடந்தது. ஊர் பேரு, ஆள் பேரு எதுவும் போடல, அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியும் இருக்கேன். சின்ன தொண்டு அமைப்புகளுக்கு கணக்கு எழுதுறது, பதிவு வேலை பாக்குறதெல்லாம் சொல்லிக்குடுக்குறது என் வேலை. 2022 ஆரம்பத்துல இந்த மன்றத்தோட செயலாளரும் ட்யூஷன் எடுக்குற ரெண்டு பொண்ணுங்களும் கூப்பிட்டதால உள்ள போனேன். அதுக்கு முன்னாடி நடந்தது எல்லாம் அவங்க சொன்னது, பேங்க் ஸ்டேட்மென்ட்ல பாத்தது, மினிட்ஸ் புக்குல கொஞ்சம் (ரொம்பக் கொஞ்சம்) இருந்தது.

பின்னணி

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு, அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, தென்னந்தோப்பு எல்லாம் படுத்துருச்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்ல. ஊர்ல இருந்த பசங்க ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டாங்க, சார்ஜ் போடவே ஜெனரேட்டர் இருக்குற வீட்டுக்கு நடக்கணும். வெளிநாட்டுல இருக்குற ஊர்க்காரங்க பணம் அனுப்பினாங்க, தார்ப்பாய், அரிசி, மெழுகுவத்தி வாங்கி வீடு வீடா குடுத்தாங்க, அப்புறம் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபான்னு அரசு அறிவிச்சப்ப வயசானவங்களுக்கு ஃபார்ம் எழுதிக்குடுத்து விஏஓ ஆபீஸ்ல நின்னதும் இவங்கதான். இந்த வேலையை முன்ன நின்னு பண்ணவர் ஊர்ல உரக்கடை வச்சிருக்குற ஒருத்தர், அப்ப அவருக்கு 36 வயசு, எல்லாருக்கும் அண்ணன்.

2019 மத்தியில அதை அப்படியே மன்றமா பதிவு பண்ணாங்க, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ. சட்டப்படி குறைஞ்சது 7 பேர் வேணும், கரெக்டா 7 பேர் கையெழுத்து போட்டாங்க, ஏழும் ஆம்பளைங்க, ரெண்டே தெருவுல இருந்து. பைலா (மன்றத்தோட விதிமுறை), பத்திர ஆபீஸ் பக்கத்துல டைப் அடிக்கிற இடத்துல ஏற்கனவே இருந்த மாதிரியில பேரை மட்டும் மாத்தி வாங்கினது. அதுல என்ன எழுதியிருக்குன்னு 2022 வரைக்கும் யாரும் முழுசா படிக்கல. இது ஒண்ணும் இவங்க மட்டும் பண்ணதில்ல, நான் பாத்த முக்கால்வாசி சின்ன சொசைட்டிகள்ல பைலா பீரோவுக்குள்ள லேமினேஷன் போட்டு பத்திரமாத்தான் இருக்கும்.

வேலைன்னு பாத்தா நல்ல வேலைதான். சாயங்காலம் ஊராட்சியோட ஒரு பழைய கட்டடத்துல ஆறுல இருந்து பத்தாவது வரைக்கும் ட்யூஷன், ஒரு சின்ன லைப்ரரி, குரூப் 4 படிக்கிறவங்களுக்கு புக்கு, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழக காலையில கிரவுண்டு. ட்யூஷன் எடுத்ததுல பெரும்பாலும் காலேஜ் முடிச்ச, இல்ல படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணுங்க. அவங்கள்ல யாருமே உறுப்பினர் இல்ல. ஃபார்ம் 6ல இருக்குற உறுப்பினர் பதிவேட்டுல அந்த ஏழு பேர் மட்டும்தான்.

முதல் விரிசல்: 2019 டிசம்பர்

ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டத்துல டிசம்பர் 27லயும் 30லயும் நடந்துச்சு. மன்றத்துத் தலைவர், அதான் அந்த உரக்கடை அண்ணன், ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு நின்னாரு. நிக்கிறது அவர் உரிமை, அதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல, ஆனா மன்றத்து டி-ஷர்ட் போட்டுக்கிட்டு பசங்க ஓட்டு கேட்டாங்க, நோட்டீஸ்ல புயல் நேரத்து போட்டோ, கீழ மன்றத்து பேரு. தோத்தாரு. ஜெயிச்சவரோட சொந்தக்காரங்க வீட்டுப் புள்ளைங்க பொங்கலுக்கு அப்புறம் ட்யூஷனுக்கு வரல, யாரும் அனுப்பாதேன்னு சொல்லலையாம், தானா நின்னுடுச்சு. அந்த நேரத்து மினிட்ஸ் புக்குல தேர்தல் பத்தி ஒரு வரி கூட கிடையாது. பொங்கல் விளையாட்டுப் போட்டி பத்தி ரெண்டு பக்கம் இருக்கு.

லாக்டவுன் காலம்

2020ல கொரோனா வந்ததும் மன்றம் மறுபடி நிவாரண வேலைக்கு வந்துச்சு, பணமும் புயல் நேரம் மாதிரியே வந்துச்சு, எல்லாம் தலைவரோட சொந்த ஜிபே நம்பருக்கு. மன்றத்துக்குன்னு பேங்க் அக்கவுண்ட் 2019 கடைசியிலயே தொறந்திருந்தாங்க, ஆனா செக் புக் வச்சு யாரு பேங்குக்கு அலையிறதுன்னு அதுல மினிமம் பேலன்ஸ் மட்டும் கிடந்துச்சு. வரவு செலவு தலைவர் ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதினாரு. பொருளாளர் அவரோட மச்சான். அந்த நோட்டை பொருளாளரே பாத்ததில்லன்னு அவரே என்கிட்ட சொன்னாரு.

மளிகை கிட் யாருக்கு போகணும்ங்கிற லிஸ்ட்டும் தலைவர் போன்லதான். காலனித் தெருவுக்கு கிட் போனது கடைசியா, கிட்டத்தட்ட ரெண்டு வாரம் கழிச்சு. ஏன்னு கேட்டப்போ வண்டி கிடைக்கலன்னு பதில், அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா காலனியில இருந்து செயற்குழுவுல ஒருத்தர் கூட இல்லாதப்போ அந்த பதிலை யாரும் நம்பத் தயாரா இல்ல.

பள்ளிக்கூடம் மூடியிருந்த மாசங்கள்ல அஞ்சு அஞ்சு புள்ளைங்களா பிரிச்சு திண்ணையில உக்கார வச்சு பாடம் நடத்தினது பொண்ணுங்கதான். 2021 கடைசியில அரசு இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சுச்சு, தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபா. மன்றத்துல ட்யூஷன் எடுத்தவங்கள்ல பாதிப்பேர் அங்க போயிட்டாங்க. தலைவர் இதை காசுக்காக போயிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டாரு. ஒரு பொண்ணு என்கிட்ட சொன்னது வேற: "லைப்ரரி சாவி வாங்கவே அண்ணன் கடை வாசல்ல போயி நிக்கணும்க்கா, அங்க என் பேருல ஒரு ஐடி கார்டு குடுத்தாங்க." ஆயிரம் ரூபா ஒரு காரணமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சாவி விஷயத்தை மூணு பேர் தனித்தனியா சொன்னாங்க.

பிரச்சனை வெடிச்சது

2022 ஆரம்பத்துல சென்னையில இருக்குற ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் நிதியில (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குற பணம்) லேப்டாப் குடுக்க முன்வந்துச்சு. அவங்க கேட்டது சாதாரண பேப்பர்தான்: வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, சிஎஸ்ஆர்-1 நம்பர் (2021 ஏப்ரல் 1ல இருந்து இது இல்லாம எந்த அமைப்புக்கும் கம்பெனி சிஎஸ்ஆர் வேலையைக் குடுக்க முடியாது), மூணு வருஷ ஆடிட் கணக்கு, இப்போதைய நிர்வாகிகள் பட்டியல். இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. 12ஏ போடல, ஆடிட் பண்ணல, பதிவாளர் ஆபீஸ்ல வருஷா வருஷம் குடுக்க வேண்டிய கணக்கும் குடுக்கல. நிர்வாகிகள் பதவிக்காலம் சட்டப்படி மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, அது இன்னும் சில மாசத்துல முடியப்போகுது, பதிவு பண்ணதுல இருந்து ஒரு ஆண்டுப் பொதுக்குழு கூட நடக்கல.

லேப்டாப் கைவிட்டுப் போற மாதிரி ஆனதும் குரூப்புல பேச்சு திரும்புச்சு. ஒருத்தர் தலைவரோட புது பைக் போட்டோவை போட்டு கீழ ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாரு. தலைவர் அவரை குரூப்ல இருந்து தூக்கினாரு, தூக்கினதைக் கேட்டவங்களையும் தூக்கினாரு, ராத்திரிக்குள்ள இன்னொரு குரூப் உருவாயிடுச்சு. அட்மின் யாரோ அவர் வச்சதுதான் சட்டம், பைலா எல்லாம் அப்புறம். கணக்கு கேட்டவங்களுக்கு "அப்ப என்னை திருடன்னு சொல்றியா"ன்னு பதில், இந்த ஒரு வாக்கியத்தால எத்தனை மன்றம் உடைஞ்சிருக்குன்னு யாராச்சும் எண்ணிப் பாக்கணும்.

உள்ள போய் பாத்தப்ப

நோட்டையும் தலைவரோட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தோம். அவர் ஸ்டேட்மென்ட் குடுக்க ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம், ரெண்டு தடவை மறுத்துட்டு அப்புறம் அவங்க மனைவி சொல்லி குடுத்தாரு. வந்த பணம் ஏறக்குறைய எல்லாமே நோட்டுல இருந்துச்சு. செலவுல கணிசமான பகுதிக்கு பில் இல்ல, ஆனா பொருள் போன வீடுகள் இருந்துச்சு, கேட்டா ஆமான்னாங்க. சில மாசங்கள்ல அவர் கடைப் பணத்தை போட்டு செலவு பண்ணியிருந்தாரு, அதையும் எங்கயும் எழுதல. பைக் கடன்ல வாங்கினது, ஈஎம்ஐ அதே ஸ்டேட்மென்ட்லயே போயிட்டு இருந்துச்சு.

சுருக்கமா, களவு நடக்கல. ஆனா நடக்கலைன்னு காட்ட அவருக்கும் வழியில்ல, நம்ப மத்தவங்களுக்கும் வழியில்ல. மன்றத்துப் பணம் தனி ஆளோட அக்கவுண்ட்ல வந்தா வருமான வரிக்காரங்க அதை அவர் வருமானமாத்தான் முதல்ல பாப்பாங்க, இதை சொன்னப்ப அவர் முகம் மாறிடுச்சு, அதுவரைக்கும் அவர் யோசிச்சது ஊர் என்ன சொல்லும்ங்கிறதை மட்டும்தான்.

யாரும் எதிர்பாக்காத ஒரு சிக்கல் வெளிநாட்டுப் பணத்துல வந்துச்சு. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்குறவர் துபாயிலயோ சிங்கப்பூர்லயோ வேலை பாத்து தன் சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனா அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டா, நம்ம ஊர்லயே பொறந்தவரா இருந்தாலும், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்குறது) வச்சிருந்தாலும், எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவர் வெளிநாட்டவர், அந்தப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அவர்கிட்ட வாங்கக்கூடாது. நன்கொடையாளர் லிஸ்ட்ல அப்படி சிலர் இருந்தாங்க. ஊர்த் திருவிழாவுக்கு வரி குடுக்குற மாதிரி அனுப்பினவங்க, அவங்களுக்கும் இது தெரியாது.

இன்னொண்ணும் கவனிச்சேன். தினம் சாயங்காலம் சின்னப் புள்ளைங்க வர்ற இடம், ஆனா அவங்க பாதுகாப்புக்குன்னு எந்த விதியும் எழுதி வைக்கல. புகார் எதுவும் வரல, ஆனா யார்கிட்ட புகார் சொல்லணும்னே யாருக்கும் தெரியாத இடத்துல புகார் வராததை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

எடுத்த முடிவுகள்

உடனே தேர்தல் வைக்கணும்னு புது குரூப் ஆளுங்க கேட்டாங்க. நான் வேண்டாம்னேன், செயலாளரும் அதே கருத்து. காரணம், ஓட்டு போடுறதுக்கு சட்டப்படி இருந்தது ஏழு பேர், அதுல நாலு பேர் தலைவர் பக்கம், அப்படியே வச்சா அவர் ஜெயிப்பாரு, கேள்வி அப்படியே நிக்கும். உறுப்பினர் சேத்துட்டு உடனே வச்சா தெருவுக்குத் தெரு ஆள் புடிக்கிற வேலையா போயிடும், 2019 டிசம்பர் மறுபடி நடக்கும். அதனால முதல்ல கணக்கு, அப்புறம் உறுப்பினர், அப்புறம் பைலா, கடைசியா தேர்தல்னு வரிசை போட்டோம்.

கணக்கை எழுதுறப்ப தலைவரை விசாரிக்கிற மாதிரி உக்கார வைக்கல. அவர் கடைக்குப் பின்னாடி கோடௌன்லயே உக்காந்து அவர் சொல்லச் சொல்ல பொருளாளரும் ஒரு பிகாம் முடிச்ச பொண்ணும் கேஷ் புக் எழுதினாங்க, பில் இல்லாததுக்கு வாங்கினவங்ககிட்ட கையெழுத்து வாங்கி வவுச்சர் போட்டாங்க, அப்படியும் சேராததை "ஆதாரம் இல்லை"ன்னு தனியா ஒரு பக்கத்துல எழுதினாங்க. அந்தப் பக்கத்தை மறைக்கணும்னு ரெண்டு தரப்புலயும் ஆள் இருந்தாங்க. மறைக்கல. ஒரு தடவை தலைவர் சொன்னாரு, "புயல்ல ராப்பகலா ஓடினப்ப ஒருத்தனும் பில் கேக்கல." அது நூத்துக்கு நூறு உண்மை, அன்னைக்கு கேட்டிருந்தா வேலை நடந்திருக்காது, 2020லயாவது யாராவது கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

உறுப்பினர் சேர்க்கை ரெண்டு மாசம் தொறந்து வச்சோம், 18 வயசு முடிஞ்ச, ஊராட்சிக்குள்ள இருக்குற யாரும் சேரலாம், சின்னதா ஒரு சந்தா. ட்யூஷன் பொண்ணுங்க, காலனி பசங்க, ஜெயிச்ச வார்டு உறுப்பினரோட தம்பி உட்பட சேர்ந்தாங்க.

பைலா திருத்தத்துக்கு சிறப்புத் தீர்மானம் வேணும், 21 நாள் முன்னாடி நோட்டீஸ், வந்து ஓட்டு போடுறவங்கள்ல நாலுல மூணு பங்கு ஆதரவு. திருத்தம் இதுதான்: ஒரே பதவியில தொடர்ந்து ரெண்டு தடவைக்கு மேல இருக்க முடியாது, செயற்குழுவுல மூணுல ஒரு பங்காவது பெண்கள், செக்குல ரெண்டு கையெழுத்து, அந்த ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கக்கூடாது, எந்தத் தேர்தல்ல நின்னாலும் மனு தாக்கல் பண்றதுக்கு முன்னாடி பதவியை விடணும், 35 வயசுக்கு மேல நிர்வாகி ஆக முடியாது. கடைசியா சொன்னதுக்கு எனக்கு முழு உடன்பாடு இல்ல. அது ஒருத்தரை மனசுல வச்சுப் போட்ட விதி மாதிரி இருக்குன்னு சொன்னேன், ஆனா அது அவங்க மன்றம், ஓட்டுக்கு போயி ஜெயிச்சுச்சு.

வெளிநாட்டுல இருந்து அனுப்புறவங்ககிட்ட இந்தியக் குடியுரிமைன்னு எழுதி வாங்குறது, குடியுரிமை மாறினவங்க பணத்தை இனிமே வாங்காம இருக்குறது, ஏற்கனவே வந்ததுக்கு என்ன பண்றதுன்னு ஆடிட்டர் சொல்றபடி நடக்குறதுன்னு முடிவாச்சு. புள்ளைங்க பாதுகாப்புக்கு ஒரே பக்கத்துல எளிமையா எழுதி சுவத்துல ஒட்டினாங்க: கதவு தொறந்திருக்கணும், ஒரு புள்ளையோட ஒரு பெரியவர் தனியா இருக்கக்கூடாது, ஏதாவது தெரிஞ்சா 1098க்கோ (குழந்தைகள் உதவி எண்) போலீசுக்கோ சொல்லணும், மன்றத்துக்குள்ள பேசித் தீக்குறது கிடையாது. புள்ளைங்களை பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம இருக்குறதே குற்றம், இதை நிறைய பேர் முதல் தடவையா கேட்டாங்க.

அதுக்கப்புறம்

2022 செப்டம்பர் பொதுக்குழுவுல கணக்கு முழுசா வாசிச்சாங்க, நோட்டுல இருந்த கடைசி மெழுகுவத்தி வரைக்கும். "ஆதாரம் இல்லை" பக்கத்தை தலைவரே எழுந்து வாசிச்சாரு, அது முன்கூட்டி பேசி வச்சதில்ல. கேள்வி கேட்டவங்க எதிர்பாத்ததை விடக் கம்மி. அடுத்து நடந்த தேர்தல்ல செயலாளர் தலைவர் ஆனாரு, பிகாம் பொண்ணு பொருளாளர், காலனியில இருந்து ஒரு பையன் துணைச் செயலாளர். ஃபார்ம் 7 போட்டு நிர்வாகிகள் மாற்றத்தை பதிவாளர் ஆபீஸ்ல குடுத்தாங்க, தாமதமான வருஷங்களுக்கு அபராதத்தோட கணக்கு குடுத்தாங்க, 12ஏ பதிவு தற்காலிகமா மூணு வருஷத்துக்கு கிடைச்சுச்சு. மாசா மாசம் வரவு செலவு ஒரு பக்கம் லைப்ரரி சுவத்துல ஒட்டுறாங்க. எதிர்த் தரப்பு வீட்டுப் புள்ளைங்க அடுத்த கல்வியாண்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்தாங்க.

நல்லதா போகாததும் உண்டு. லேப்டாப் வரல, கம்பெனி அந்த வருஷ நிதியை வேற அமைப்புக்கு குடுத்துருச்சு. பழைய தலைவருக்கு ஆலோசகர்னு ஒரு பதவி குடுத்தாங்க, அதுல செய்ய எதுவும் இல்ல, அஞ்சாறு மாசத்துல தனியா ஒரு விளையாட்டு கிளப் ஆரம்பிச்சு போயிட்டாரு. அவரை நம்பி பணம் அனுப்பின வெளிநாட்டு ஊர்க்காரங்கள்ல பலபேர் அவரோடவே போனாங்க. மன்றத்து வருமானம் நல்லா குறைஞ்சுச்சு, லைப்ரரிக்கு புது புக்கு வாங்குறது ஒரு வருஷம் நின்னே போச்சு.

துணைச் செயலாளர் விஷயம் இன்னும் மோசம். முதல் மூணு கூட்டத்துக்கு வந்தவர் அப்புறம் வரல. ஆர்வம் போயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. கூட்டம் நடந்தது புதுத் தலைவர் வீட்டுத் திண்ணையில, அந்தத் தெருவுல காலனிக்காரங்க திண்ணையில ஏறி உக்காந்த வழக்கமே இல்ல, அவர் மூணு கூட்டமும் வாசல்ல நின்னுக்கிட்டேதான் பேசியிருக்காரு, உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல, சொல்லாததை யாரும் கவனிக்கவும் இல்ல. இதை ஒரு பொண்ணு கூட்டத்துலயே போட்டு உடைச்சா. அன்னைக்கு பெரிய சண்டை. அதுல இருந்து எல்லாக் கூட்டமும் லைப்ரரியிலதான், எல்லாரும் பாய்ல. அவர் திரும்பி வந்தாரு, ஆனா உடனே இல்ல.

2023ல பொருளாளருக்கு கல்யாணம் ஆகி திருப்பூர் போனாங்க. செக்குல கையெழுத்து மாத்த தீர்மானம், ஃபார்ம் 7, பேங்க் கேஒய்சின்னு இழுத்து, ரெண்டு மாசத்துக்கு மேல அக்கவுண்ட்ல பணம் இருந்தும் எடுக்க முடியல. இளைஞர் அமைப்புல ஆள் மாறுறது விபத்து இல்ல, வேலை, கல்யாணம், வெளிநாடுன்னு மாறிக்கிட்டேதான் இருக்கும், அதுலயும் பொண்ணுங்களை பொறுப்புக்கு கொண்டுவந்தா இது வரும்னு தெரிஞ்சேதான் ஏற்பாடு பண்ணணும், அதை காரணம் காட்டி அவங்களுக்கு பொறுப்பு குடுக்காம இருக்கக்கூடாது. இப்ப கையெழுத்துக்கு மூணு பேரைப் பதிஞ்சு வச்சிருக்காங்க, அதுல யாராவது ரெண்டு பேர் போட்டா போதும்.

மறுபடி பண்ணா என்ன மாத்தலாம்

கணக்கு, உறுப்பினர், பைலா, தேர்தல்ங்கிற வரிசை அப்படியே இருக்கட்டும். மாத்த வேண்டியது பழைய தலைவர் விஷயம். பதவி போறவருக்கு பேரளவுல ஒரு நாற்காலி குடுக்குறதுக்கு பதிலா அவருக்கு நல்லா வர்ற வேலையை, இவர் விஷயத்துல பேரிடர் வேலையை, தனிப் பொறுப்பா தனி பட்ஜெட்டோட குடுத்திருக்கலாம், கணக்கு மட்டும் பொருளாளர்கிட்ட. 35 வயசு விதியை வச்சிருந்தாலும் இதுக்கு தடை இல்ல, நிர்வாகி ஆகத்தான் தடை. ரெண்டாவது, பிரதிநிதித்துவம்னு பைலாவுல எழுதுறதோட கூட்டம் எங்க நடக்கும், எத்தனை மணிக்கு நடக்கும்ங்கிறதையும் எழுதியிருக்கணும், ராத்திரி ஒம்போது மணிக்கு வச்சா பொண்ணுங்க வர முடியாது, திண்ணையில வச்சா காலனிப் பசங்க வர முடியாது. மூணாவது, நன்கொடை குடுக்குறவங்களுக்கு மன்றமே சீக்கிரமா கடிதம் எழுதியிருந்தா எல்லாரும் ஒரே ஆளை நம்பி இருந்திருக்க மாட்டாங்க.

இன்னும் தீராதது கட்டடம். அந்தப் பழைய கட்டடத்தை மன்றத்துக்கு விட்டது அன்னைக்கு இருந்தவங்க வாய்மொழியா சொன்னது, ஊராட்சித் தீர்மானம் எதுவும் கிடையாது. 2019ல தேர்ந்தெடுத்த ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு தனி அலுவலர் கையில நிர்வாகம் போனதும் எந்த அடிப்படையில உள்ள இருக்கீங்கன்னு கேள்வி வந்துச்சு. மன்றத்தோட புது நிர்வாகம் மூணு வருஷ ஆடிட் கணக்கை இணைச்சு பிடிஓ ஆபீஸ்ல எழுத்துப்பூர்வமா அனுமதி கேட்டு மனு குடுத்திருக்கு. ட்யூஷன் அதுவரைக்கும் அங்கயேதான் நடக்குது.